முதல் இருபது எழுத்து

எண்பதுகளில், டெல்லியில் ஓர் அரசு அலுவலகத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் எனக்குத் தற்காலிக வேலை. ஒன்பது மாதப் பெண்ணைச் சரோஜினி நகரில் எதிர் வீட்டு மாமியிடம் விட்டுவிட்டுப் பஸ் ஏறுவேன். செய்வது சரிதானா என்று வழியெல்லாம் யோசிப்பேன்.

அந்த வருஷம் குடிசைப் பகுதிகளில் இறந்துபோன குழந்தைகளைப் பற்றிய படிவங்கள் வந்தன. விசாரிக்கப் போனவர்கள் காரணத்தை ஆங்கிலத்தில் பத்தி பத்தியாக எழுதியிருந்தார்கள். அத்தனை நீளத்தைக் கம்ப்யூட்டரில் மெமோ என்ற வகை ஃபீல்டில், அதாவது கட்டத்தில்தான் வைக்கலாம். ஆனால் எந்தக் காரணத்துக்கு எத்தனை குழந்தைகள் என்று மெமோவை வைத்துப் பிரிக்கச் சொன்னால் மெஷின் மறுத்துவிடும். அதனால் ஒவ்வொரு பத்தியிலும் முதல் இருபது எழுத்தை மட்டும் வேறொரு சிறிய ஃபீல்டில் நானே தட்டினேன். அதற்கு மேல் படிக்கவில்லை, அவசரம். மெஷின் பிரித்து, எண்ணிக்கை அதிகமானதை மேலே வைத்துக் கொடுத்தது.

தஞ்சாவூர்க்காரரான எங்கள் அதிகாரி அட்டவணையைப் பார்த்துச் சிரித்தார். "மெஷினையே ஏமாத்திட்டேளே! ஆனா முதல் வரியை ஆத்துக்காரர்கிட்ட காட்டிடாதீங்கோ."

முதல் வரி: தாய் வேலைக்குப் போயிருந்தாள்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் சில படிவங்களை எடுத்து முழுதாகப் படித்தேன். தாய் வேலைக்குப் போயிருந்தாள். குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்து மூன்று நாள் வயிற்றுப்போக்கு. இன்னொன்றில், தாய் வேலைக்குப் போயிருந்தாள்; வந்ததும் தூக்கிக்கொண்டு ஓடினாள், இரண்டு ஆஸ்பத்திரியில் இடமில்லை. வீட்டில் யார் இருந்தார்கள் என்று தொடங்குவது எழுதியவர்களின் வழக்கம். காரணம் அதற்குப் பின்னால் இருந்தது. நான்தான் அதை வெட்டியிருந்தேன்.

எல்லாவற்றையும் படித்து, காரணத்துக்கு ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணை வைத்துப் பிரித்தேன். ஒன்பது நாள் ஆயிற்று. நடுவே இரண்டு நாள் என் பெண்ணுக்கு ஜுரம். அப்போதும் மாமியிடம் விட்டுவிட்டுத்தான் போனேன்.

புதிய அட்டவணையில் கெட்ட தண்ணீர் மேலே இருந்தது. அதிகாரி கையில் வாங்கவில்லை.

"பழசு கையெழுத்தாகி மேலே போயாச்சேம்மா. இப்போ மாத்தினா, முதல்ல யார் தப்புன்னு கேப்பா. நீங்க இன்னும் டெம்பரரி."

அந்தத் தாய்மார்களில் ஒருத்திக்கும், தான்தான் காரணம் என்று பதிவானது தெரியப் போவதில்லை. "சரி சார்" என்றேன். ஐந்தரை மணிக்கு வீட்டுக்குக் கிளம்பினேன்.