கழுத்து ஆணி

அவுஸ்திரேலியாவில், ட்ருகனினாவில் ஒரு சாமான் கிடங்கில் பெட்டி அடுக்குகிறேன். போன கிழமை மத்தியானம் சாப்பிடும்போது, கனடாவிலிருந்து அக்காவின் மகள் துஷா போன் எடுத்தாள். இங்கே வெயில் கொளுத்தியது. அங்கே ஏரி உறையத் தொடங்கிவிட்டதாம்.

“மாமா, இந்த முறை நானும் ஐஸில மீன் பிடிக்கப் போறன். அப்பான்ர சப்பாத்து, துளை போடுற மெசின் எல்லாம் துடைச்சு வைச்சிட்டன். கழுத்து ஆணியும் இருக்கு. அப்பாக்கு மறதி, அண்டைக்கு வானுக்குள்ள சீட்டில விட்டிட்டுப் போட்டார். நான் மறக்க மாட்டன்.”

கழுத்து ஆணி என்பது கழுத்தில் மாட்டும் கயிற்றில் கோத்த இரண்டு கூரான பிடிகள். ஐஸ் உடைந்து தண்ணீரில் விழுந்தால், அவற்றை விளிம்பில் குத்தித்தான் மேலே ஏறவேண்டும்.

நான் அங்கே போய் நின்ற குளிர்காலத்துக்குப் பிறகு, நான்கு வருடமாக அந்த வீட்டில் அத்தானை மறதிக்காரர் என்கிறார்கள். நானும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“துஷா, கொப்பர் மறக்கேல்லை,” என்றேன். “ஏரிக்குப் போகேக்க நான்தான், ‘என்ன அத்தான், மாட்டுக்கு மணி கட்டின மாதிரி’ எண்டு சிரிச்சனான். அவர் கழட்டி வைச்சிட்டார்.”

அன்று ஐஸ் உடைந்தது. அத்தான் விளிம்பைப் பிடித்தார். கை வழுக்கியது. மறுபடி பிடித்தார். நான் கயிறு எடுக்க வானுக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது ஐஸில் நகக்கீறல் மட்டும் இருந்தது.

துஷா போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் அவளுடைய படம் ஒன்று வந்தது. அத்தானின் ஜாக்கெட், கழுத்தில் ஆணி.

அந்த நகக்கீறலை மட்டும் அவளிடம் இன்னும் சொல்லவில்லை.