ஏரிக்கரை கேம்ப்

வளைகுடாவில் 'கேம்ப்' என்று சொன்னால் யாருக்கும் மலையும் ஏரியும் ஞாபகத்துக்கு வராது. வேலை செய்கிற இடம் சைட், வேலை முடிந்து வந்து விழுகிற இடம் கேம்ப். இரண்டுக்கும் நடுவில் ஒரு பஸ். என் வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பல வருஷம் அந்த பஸ்ஸில் போய்வந்தவர். நான் நர்ஸ் வேலை கிடைத்து அபுதாபி பக்கம் ருவைஸுக்கு வந்து, ஃபேமிலி குவார்ட்டர்ஸில் குடியேறிய பிறகுதான் அவருக்குக் கேம்ப் முடிந்தது. அப்போது மகளுக்கு நாலு வயது.

அந்த மகள் பத்து வயதில், கம்ப்யூட்டரில் இருந்து பிரிண்ட் எடுத்த இரண்டு தாள்களைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, இதில் எந்த கேம்ப் சைட் வேண்டும் என்று கேட்டாள். அவர் தோசையை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"சைட்டும் கேம்ப்பும் ஒரே இடத்துல இருந்தா, அதுக்குப் பேரு லீவா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை என்பதை நான் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தேன்.

அந்த வருஷ லீவுக்கு ஊருக்குப் போகாமல் ஆல்ப்ஸ் மலைக்குப் போகலாம் என்று கிளப்பிவிட்டது என் கிளினிக்கில் இருந்த ஜெர்மன் டாக்டரம்மா. கார் எடுத்து, கணவாய் கணவாயாக ஏறி இறங்கி, எங்கே பிடிக்கிறதோ அங்கே கூடாரம் போட்டுத் தங்கலாம் என்று படம் படமாகக் காட்டினார். தன்னுடைய கூடாரத்தையும் இரவல் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து ஹாலில் விரித்த அன்று முதல் என் மகள் அதற்குள்ளேதான் வீட்டுப்பாடம் எழுதினாள்.

அவள் கொண்டுவந்த தாள்களில் ஒன்று ஏரிக்கரை. பச்சைத் தண்ணீர், படகு, சறுக்கு மரம், கடை, சுடுதண்ணீர் என்று எல்லாம் இருந்தது. இன்னொன்று மலைமேல் ஒரு புல்வெளி. அங்கே ஒரு குழாயும் நாலைந்து மாடுகளும் தவிர படத்தில் எதுவும் இல்லை. அவளுக்கு ஏரிதான் வேண்டும். கடலோரத்தில் பிறந்த எனக்கும் தண்ணீர் பக்கம்தான் மனசு. அவர் மட்டும் எங்கேயாவது ரூம் எடுப்போம், முதுகு வலிக்கும், குளிரும் என்று காரணமாக அடுக்கினார். கடைசியில் மகள் சொன்னாள்: "அப்பா, நீங்க எவ்வளவு வருஷம் கேம்ப்ல இருந்தீங்க. நான் ஒன் டே கூட இருந்ததில்ல. உங்ககூட கேம்ப்ல ஒரு நாள் தூங்கணும்."

அவள் அப்படிக் கேட்டதில் ஆச்சரியம் இல்லை. நாலு வயது வரை அவளுக்கு அப்பா என்றால் வெள்ளிக்கிழமை வரும் போன்தான். அந்தப் போனில் அவர் கேம்ப் கதைகளாகச் சொல்வார். ஒரே அறையில் எட்டுப் பேர், அதில் ஒருவருடைய குறட்டைக்கு மற்ற ஏழு பேரும் முறை வைத்து விசில் அடித்த கதை. டீக் கெட்டிலின் அடிப்பாகத்தால் சட்டைக்கு இஸ்திரி போட்டவருடைய கதை. பாகிஸ்தான்காரர்கள் வளர்த்ததால் உருது மட்டுமே புரியும் பூனையின் கதை. தமிழில் கூப்பிட்டால் அது திரும்பியும் பார்க்காதாம். நான் போனைக் குழந்தை காதில் வைத்துப் பிடித்திருப்பேன், அவள் சிரிசிரி என்று சிரிப்பாள். கேம்ப் என்றால் இருபத்திநாலு மணி நேரமும் திருவிழா என்று அவள் நினைத்துக்கொண்டாள். எனக்கும் அதைவிட ரொம்பக் கூடுதலாக ஒன்றும் தெரியாது. ருவைஸுக்கு வந்த பிறகும் அவர் ஒருநாள் கூட அந்தப் பக்கம் எங்களைக் கூட்டிப் போனதில்லை.

எனக்கு அவர்மேல் வேறொரு கோபம் இருந்தது. மகள் பிறந்த சமயம் எனக்கு ரொம்பச் சிக்கலாகி, பெரியாஸ்பத்திரியில் பிழைப்பேனா மாட்டேனா என்று கிடந்தேன். லீவு போட்டு வருவதாகச் சொன்னவர் கடைசி நேரத்தில் வார்டு போனுக்குக் கூப்பிட்டு, பிளாண்ட்டில் ஷட்டவுன் போட்டுவிட்டார்கள், லீவு கேன்சல் என்றார். ஷட்டவுன் என்றால் ஆலையை நிறுத்திவிட்டு ராப்பகலாகப் பழுது பார்ப்பது. ஓவர்டைம் கொட்டும். அதை விட மனசில்லாமல்தான் வரவில்லை என்று நான் முடிவு கட்டிவிட்டேன். குழந்தை நடக்கத் தொடங்கிய பிறகுதான் அவர் வந்தார். அன்றிலிருந்து கடைக்குப் போய்த் தாமதமாக வந்தாலும் சரி, குளியலறையில் கூடுதல் நேரம் இருந்தாலும் சரி, "என்ன, ஷட்டவுனா?" என்று கேட்பேன். அவர் ஒன்றும் சொல்லமாட்டார். அந்த மௌனத்தை நான் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே கணக்கில் வைத்திருந்தேன்.

மகளுக்காகக் கடைசியில் ஏரிக்கரைக்குத் தலையை ஆட்டினார். கிளம்புகிற நாள் நெருங்க நெருங்க அவருடைய பேச்சு குறைந்தது. பாஸ்போர்ட் விஷயத்தில் அவர் எப்போதுமே ஒரு மாதிரி. மூன்றையும் பீரோவில் தானே பூட்டி வைப்பார், சாவியை என்னிடம் கூடத் தரமாட்டார். விமானத்தில் சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். நெஞ்சு வலியா என்று நானே ஒரு தடவை பயந்து கேட்டேன்.

ஆஸ்திரியாவில் காரை எடுத்து ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. படத்தில் பார்த்த பச்சைத் தண்ணீர் அப்படியே இருந்தது. ஆனால் படத்தில் காட்டாத மற்றதும் இருந்தது. வாசலில் தூக்கி இறக்கும் தடைக்கம்பு. உள்ளே வரிசை வரிசையாக வெள்ளைக் காரவன்கள், கூடாரங்கள், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நம்பர். நடுவே நீளமான ஒரு கட்டடம், பொதுக் குளியலறை. தோளில் துண்டும் கையில் சோப்புப் பெட்டியுமாக ஆட்கள் வரிசையில் நின்றார்கள். கொடிகளில் ஈரத்துணி.

"அப்பா, உங்க கேம்ப்லயும் இப்படித்தான் லைன்ல நிப்பீங்களா?" மகள் குதித்தாள்.

ஆமாம் என்றார். ஸ்டியரிங்கை விட்டு அவர் கை இறங்கவில்லை. நான்தான் கதவைத் திறந்து இறங்கி, வாங்க என்றேன்.

ஆபீஸில் இருந்த பெண் சிரித்த முகத்துடன் நம்பர் வில்லை ஒன்றை எடுத்து வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். பாஸ்போர்ட்டுகளைக் கொடுங்கள், போகிற நாளில் திருப்பித் தருவோம் என்றாள். அவளுக்குப் பின்னால் சின்னச் சின்ன மரக் கூடுகள், ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர், பலவற்றில் பாஸ்போர்ட்டுகள். அவர் அந்தக் கூடுகளையே பார்த்தார்.

நம்பரை எழுதிக்கொள்ளுங்கள் என்றார் ஆங்கிலத்தில். இங்கே வழக்கம் இதுதான், எல்லோரும் தருகிறார்கள் என்றாள் அவள். லைசென்ஸைத் தருகிறேன் என்றார். அது போதாது என்றாள். முழுப் பணத்தையும் முன்னாலேயே கட்டிவிடுகிறேன் என்றார். அவள் இன்னும் மரியாதையாகவே பேசிக்கொண்டிருந்தாள், அவருடைய குரல்தான் ஏறிக்கொண்டே போனது. எங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு மானம் போனது.

"குடுத்துத் தொலைங்களேன். அந்தம்மா என்ன தின்னவா போறா?"

"எனக்க பாஸ்போர்ட்டை நான் குடுக்க மாட்டேன். உனக்கதையும் குடுக்காண்டாம், பிள்ளைக்கதையும் குடுக்காண்டாம்." சொல்லிவிட்டு மூன்றையும் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு வெளியே நடந்தார்.

மகள் சறுக்கு மரத்தின் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இன்னும் வசதியாகச் சண்டை போட்டிருக்கலாம்.

மலைப்பாதையில் ஏறத் தொடங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. வலப்பக்கம் ஓட்டுவது அவருக்குப் பழக்கம்தான். ஆனால் ருவைஸிலிருந்து அபுதாபிக்குப் போகிற சாலையில் தூங்கிப் போகாமல் இருந்தாலே போதும், வளைவே கிடையாது. இங்கே ஒன்றை ஒடித்துத் திரும்பினால் அடுத்தது. மேகம் சாலைக்கே இறங்கிவிட்டது. எதிரே வருகிற விளக்கு பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்தது. ஒரு திருப்பத்தில் எதிரே பஸ் ஒன்று ஏறக்குறைய எங்கள் மேலேயே வந்து ஒதுங்கிப் போனது. மகள் என் சீட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். மெதுவாகப் போங்கள் என்றேன். இனி எங்கே போகிறோம் என்று கேட்டேன், அவர் கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையால் துடைத்தார். பயமும் கோபமும் சேர்ந்து என் வாய்க்கு வந்துவிட்டது.

"பிள்ளை ஆசைப்பட்டு ஒண்ணு கேட்டா உங்களுக்கு எப்பவும் ஒரு ஷட்டவுன்."

அவர் காரை ஓரம் கட்டினார். ஓரம் என்றால் ஒரு முழம் மண்ணும், அதற்கப்பால் குட்டைக் கல்சுவரும். சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் வெள்ளை. எஞ்சினை அணைத்துவிட்டு இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வைப்பர் பாதியில் நின்றது. அறைந்துவிடுவாரோ, இறங்கிப் போய்விடுவாரோ என்று என்னென்னவோ தோன்றியது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக எனக்கு அவரிடம் பயம் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "அந்த இன்னொரு தாளை எடு" என்றார். மகள் பையிலிருந்து புல்வெளிப் படத்தை எடுத்துக் கொடுத்தாள்.

போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. அந்த ஊரில் கோடையில் வெளிச்சம் சீக்கிரம் போகாது. மாட்டுத் தொழுவத்திலிருந்து ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண் பால் கேனோடு வந்தாள். ஆங்கிலம் கொஞ்சம்தான் தெரிந்தது. அவர் சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டு, "பாஸ்போர்ட்?" என்று கேட்டார். அவள் அதற்கென்ன இப்போது என்பதுபோல் பார்த்தாள். பிறகு கேனைக் கீழே வைத்துவிட்டுப் புல்வெளி முழுவதையும் கையால் காட்டினாள். எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், பணம் காலையில் பார்க்கலாம். அவர் மறுபடியும் பாஸ்போர்ட் என்றார். அவள் சிரித்துவிட்டுக் கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அவர் உடனே இடம் பிடிக்கவில்லை. புல்வெளியின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நடந்தார், திரும்ப வந்தார். அங்கே எங்களைத் தவிர வேறு யாருடைய கூடாரமும் இல்லை. எந்த இடமும் யாருக்கும் சொந்தமில்லை, எதிலும் நம்பர் இல்லை. கடைசியில் நட்ட நடுவே ஒரு மேட்டைக் காட்டி, "இங்க" என்றார். காற்றடிக்குமே என்று சொல்ல வந்தவள் வாயை மூடிக்கொண்டேன்.

கூடாரம் அடித்து, நான் சின்ன அடுப்பில் கஞ்சி வைத்தேன். மகள் அவரை ஒட்டி உட்கார்ந்து, இது உங்க கேம்ப் மாதிரி இருக்கா என்று கேட்டாள்.

"இல்ல மக்களே," என்றார். பிறகு புல்லைப் பிய்த்துக்கொண்டே அவளிடம் சொன்னார். "அங்க நம்ம பாஸ்போர்ட்டை கம்பெனிக்காரன் வாங்கி வச்சுக்கிடுவான். அது இல்லாம எங்கயும் போக முடியாது. நீ பிறந்தப்போ அம்மாவுக்கு ரொம்ப முடியல்ல. நான் கேம்ப் ஆபீசுக்குப் போய்க் கேட்டேன். மாஃபின்னுட்டான். மறுநாளும் போனேன். வாசல்லயே நின்னேன். இவன் போனா திரும்பி வரமாட்டான்னு நெனச்சுட்டான்."

கரண்டி என் கையில் நின்றுவிட்டது. மாஃபி என்றால் இல்லை. வளைகுடாவில் குழந்தைக்குக்கூடத் தெரிந்த வார்த்தை.

"அப்ப ஷட்டவுன்?" என்றேன்.

"அது அதுக்கு முன்னாலயே முடிஞ்சுபோச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல்ல?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "ஆஸ்பத்திரியில கிடக்கிறவகிட்ட, எனக்க சொந்த பாஸ்போர்ட்டை எனக்குக் கேட்டு வாங்கத் துப்பில்லன்னு எப்படிச் சொல்ல? வர முடியாதவன்னு நீ நினைக்கிறதுக்கு, வராதவன்னு நினைச்சுக் கோவப்பட்டா பரவால்லன்னு இருந்தது."

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பத்து வருஷம் என் கோபத்தைத் தப்பான ஆள்மேல் கொட்ட வைத்துவிட்டார் என்ற ஆத்திரம். அந்த ஆபீஸ்காரன் எதிரே இருந்திருந்தால் கொதிக்கிற கஞ்சியை அவன் தலையில் ஊற்றியிருப்பேன். அவன் இல்லாததால் அதை மூன்று தட்டில் ஊற்றினேன். அவர் தட்டில் கூடுதலாக ஊற்றினேன்.

மகள் கஞ்சியை ஊதிக்கொண்டே, அப்படியானால் அந்தப் பூனையும் பொய்யா என்று கேட்டாள். பூனை உண்மை என்றார் அவர். உருதுவும் உண்மை.

சாப்பிட்டு முடித்ததும் அவள் அவருடைய சட்டைப் பையைத் தொட்டு, அதை நான் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். எனக்கே தராத மனுஷன். கொஞ்சம் தயங்கினார். பிறகு மூன்றையும் எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவள் தன் காற்றுத் தலையணையின் உறைக்குள் அவற்றைப் போட்டு ஜிப்பை இழுத்தாள். அதன்மேல் தலையை வைத்துப் படுத்துப் பார்த்துவிட்டு, கூடாரத்துக்குள்ளிருந்து கூப்பிட்டுச் சொன்னாள்:

"அப்பா, எப்ப போகணும்னாலும் எங்கிட்ட கேளுங்க. கேட்ட உடனே தருவேன்."

அவர் எழுந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். கழுவுவதற்கு மூன்று தட்டுகள்தான் இருந்தன. அவர் திரும்பி வர நேரமானது. ஷட்டவுனா என்று நான் கேட்கவில்லை.