கை எட்டாத வண்டி

கொழும்பு வெள்ளவத்தையில் தனியாக வசிக்கிறேன். மகள் கனடா போன பிறகு விடுமுறை நாட்களில் கதைக்கக்கூட ஆளில்லை. போன வருடம் ஒரு ஞாயிறு, காட்டுப் பாதையில், மோட்டார் சைக்கிள் போல ஹேண்டில் பிடித்து ஓட்டும் நான்கு சக்கர வண்டி ஓட்டலாம் என்று கித்துல்கலவுக்கு பஸ் ஏறினேன்.

என் உயரம் ஐந்தடிக்கும் குறைவு. வண்டிகளுக்குப் பொறுப்பாக நின்ற, மலையகத்து அட்டன் ஊர்த் தமிழர், "அக்கா, இந்தச் சின்ன வண்டிய எடுங்க. பழகுறதுக்கு இதுதான் சரி" என்றார். குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் பார்த்துக்கொண்டு நின்றதால் எனக்கு வெட்கமாகிவிட்டது.

"நான் என்ன சின்னப்பிள்ளையே? பெரிசைத் தாங்கோ."

முதல் இடதுபக்க வளைவில் ஹேண்டிலை முழுதாகத் திருப்பியபோது வலதுபக்கப் பிடி எட்டவில்லை. எட்டிப் பிடிக்கச் சாய்ந்தேன். பெருவிரல் அந்தப் பிடியிலிருந்த வேக விசையை அழுத்திவிட்டது. வண்டி பாய்ந்து மரத்தில் மோதியது. நான் புதருக்குள் விழுந்தேன். ஹெல்மெட்டில் வெடிப்பு விழுந்திருந்தது. எனக்குச் சிராய்ப்பு மட்டும்தான்.

அவர் ஓடிவந்து, "கூட வந்தவங்க எங்கக்கா? யாருக்குச் சொல்லணும்?" என்று கேட்டார்.

"ஒருத்தருமில்லை" என்றபோதுதான் அழுகை வந்தது.

அதன்பின் இரண்டு தடவை போய்வந்துவிட்டேன். சின்ன வண்டிதான் எடுக்கிறேன். ஸ்டார்ட் பண்ண முன்பே ஹேண்டிலை இருபக்கமும் முழுதாகத் திருப்பி, கை எட்டுகிறதா, பாதம் மிதியில் பதிகிறதா என்று பார்க்கிறேன். புறப்படுமுன் கீழ்வீட்டு அக்காவிடம் போகுமிடத்தையும் சொல்கிறேன். முதல்முறை சொன்னபோது அவர், "வந்தவுடன கதவைத் தட்டுங்கோ. தட்டாட்டி நான் தேடுவன்" என்றார்.