ஒப்பு கேட்ட மாடம்மாள்

மாடம்மாள் வென்றவை: காலை நெரிசலில் கரமனை பஸ்ஸின் ஜன்னலோர சீட், பாதிப் பல் போன துருவியோடு ஓணத் தேங்காய் துருவல் போட்டியில் முதல் பரிசான பிளாஸ்டிக் வாளி, மழைக்காலத்தில் மீன்காரரிடம் கொசுறாக ஒரு சாளை, சாலைச் சந்தையின் மிளகாய் மண்டியில் ஷிஜாவுக்குச் சமமான கூலி. இந்த வரிசையை யாராவது மாற்றிச் சொன்னால் அக்காள் விஜயம் முதலிலிருந்து சொல்ல வைப்பாள்.

ஷிஜாவும் மாடம்மாளும் ஒரே சாக்குக்கு இரு பக்கமும் உட்கார்ந்து வற்றல் மிளகாய்க்குக் காம்பு கிள்ளுவார்கள். ஒரே காரம், ஒரே தும்மல். சனிக்கிழமைக் கூலி மட்டும் ஷிஜாவுக்குக் கூட. மாடம்மாள் கோவில்பட்டிப் பக்கமிருந்து வந்தவள். மலையாளம் பாதி புரியும். மீதியைத் தானே இட்டு நிரப்பிக்கொள்வாள்.

"மொதலாளி, ஷிஜாவுக்கும் எனக்கும் ஒப்பு வேணும்."

முதலாளி ஸ்ரீஜித்துக்குத் தமிழும் அதே பாதிதான். மலையாளத்தில் ஒப்பு என்றால் கையெழுத்து.

"ஒப்போ? அதினெந்தா, இட்டோ." தாராளமாகப் போட்டுக்கொள் என்றார்.

மாடம்மாள் வீட்டுக்கு ஓடிவந்து, "சம்மதிச்சாச்சுக்கா" என்றாள். விஜயம் பாயசமே வைத்துவிட்டாள். அடுத்த சனிக்கிழமை வந்தது பழைய கூலி.

"ஒப்பு எங்க மொதலாளி?"

"நீயல்லே இடேண்டது?"

"நீங்கல்லா தரணும்."

"என்றெ ஒப்பு நினக்கெந்தினா?" தன் கையெழுத்து இவளுக்கெதற்கு என்று அவருக்குக் குழப்பம்.

பக்கத்துப் பாத்திரக் கடையில் வேலை பார்த்த விஜயம் சத்தம் கேட்டு வந்தாள். "அவ கேட்டது கையெழுத்து இல்ல மொதலாளி. சமமான கூலி."

ஷிஜா நிமிர்ந்தாள். "அதெப்படி சேச்சி? ஞான் பழைய ஆளல்லே? சமமானா எனக்கென்ன மெச்சம், என்ன லாபம்?"

"பழைய ஆளுன்னு மொளகா உனக்குக் கூட எரியுதா? உன் கூலியில இருந்தா கேக்கா அவ?"

பதில் சொல்ல வாய் திறந்த ஷிஜாவுக்குத் தும்மல்தான் வந்தது. மாடம்மாளும் தும்மினாள்.

"கேட்டீங்களா, ரெண்டும் ஒரே அளவு" என்றாள் விஜயம்.

மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் சிரித்தார்கள். ஸ்ரீஜித் தப்பிக்க ஒரு வழி பார்த்தார். "செரி. அடுத்த சனியாழ்ச்ச கைநாட்டு வேண்டா. இவள் ஒப்பிட்டால், கூலி ஒப்பத்தினொப்பம்." கையெழுத்துப் போட்டால் இருவருக்கும் சமக் கூலி.

மாடம்மாள் பேனா பிடித்ததே இல்லை என்பது அவருக்குத் தெரியும். மிளகாய் பிடித்தவள் என்பதை மறந்துவிட்டார்.

ஆதார் அட்டையைப் பார்த்துப் பார்த்து மண்டித் தரையில் மிளகாயால் தன் பெயரை அடுக்கினாள். 'ட' இரண்டே மிளகாயில் முடிந்தது. 'ம' நாலைந்தை ஒடித்தது. 'ள்' மட்டும் வளைய மறுத்தது. யோசனையில் மிளகாய்க் கையோடு கண்ணைக் கசக்கி, ஊரே கேட்க அழுதாள். பார்த்துக்கொண்டிருந்த ஷிஜா சாக்கைத் துழாவி, சுருண்ட மிளகாய் ஒன்றை நீட்டினாள். "இந்நா, உன்றெ வாலு."

சனிக்கிழமை பேனா கைக்கு வந்தது. கூலிப் பதிவேட்டில் 'மாடம்மா' அவள் கட்டத்துக்குள் நின்றது. 'ள்' வேலி தாண்டி ஷிஜாவின் கட்டத்துக்குள் போய் வாலாட்டியது. ஷிஜா அதன் காலடியில் பொடியாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டாள். ஸ்ரீஜித் இருவருக்கும் ஒரே கூலியை நீட்டினார், தும்மிக்கொண்டே.

மாடம்மாள் முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்திட்ட நாள்: 2024 ஆகஸ்ட் 17, சனிக்கிழமை, மலையாளப் புத்தாண்டான சிங்கம் ஒன்று.