அந்த கேமில் டி.சி. கிடையாது

பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்துகொண்டே பள்ளிக்கூடத்தைப் பற்றிய கேமை ஏன் விளையாடுகிறார்கள்? எனக்குத் தெரியாது. அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

கம்ப்யூட்டர் லேப் என்றாலே எனக்கு ஈர சாக்ஸ் நாற்றம்தான் ஞாபகம் வரும். ஷூவை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். மைசூரு மழை, நாற்பது ஜோடி சாக்ஸ், ஜன்னலைத் திறக்கக் கூடாது என்று ஒரு நோட்டீஸ்... இருபத்தொன்பது வயதில் நான் அங்கே டீச்சர். எம்.சி.ஏ. படித்துவிட்டு, பிரின்டரில் சிக்கிய பேப்பரை உருவிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் மூன்றாவது மெஷினில் அந்த கேம் அகப்பட்டது. ஒரு ஹாஸ்டல் பள்ளி, அதில் ஒரு பையன். வாத்தியார் மேல் முட்டை எறியலாம், வகுப்பை கட் அடிக்கலாம், சைக்கிளில் ஊர் முழுக்கச் சுற்றலாம். சி.டி.யைக் கொண்டுவந்தது ஒன்பதாம் வகுப்பு ரஞ்சனி. அப்பா ரயில்வேயில். எல்லா டெஸ்டிலும் முதல் மூன்று பேரில் ஒருத்தி.

அவளுக்கு டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவது என்று ஹெட்மிஸ்ட்ரஸ் முடிவு செய்துவிட்டார். ஃபைலில் வைக்க ஓர் அறிக்கை மட்டும் வேண்டும்.

"அதுல என்னென்ன கெட்டது இருக்குன்னு பார்த்து எழுதுங்கரீ. வெள்ளிக்கிழமைக்குள்ள" என்றார், கன்னடம் கலந்த தன் தமிழில்.

எழுத வேண்டுமென்றால் விளையாட வேண்டும். என்னால் அந்த கேமின் கேட்டைக்கூடத் தாண்ட முடியவில்லை. காவலுக்கு நிற்கும் சீனியர் பையன்கள் ஒவ்வொரு முறையும் பிடித்தார்கள். வேறு வழியில்லாமல், யாரைப் பற்றி அறிக்கையோ அவளையே கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தேன். மூன்று நாள்.

"மிஸ், ஓடாதீங்க. ஓடினாதான் டவுட் வரும். சும்மா நடங்க."

நடந்தேன். பிடித்தார்கள்.

"இப்போ கிளாஸ் டைம் மிஸ். நீங்க வெளிய சுத்தக் கூடாது."

"கட் அடிக்கலாம்னு சொன்னியே?"

"மாட்டிக்காம அடிக்கணும். நீங்க பேசாம கிளாஸுக்கே போயிடுங்க மிஸ். உங்களுக்கு அதுதான் செட்டாகும்."

எரிச்சலாக வந்தது. திரும்பத் திரும்ப மாட்டினால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"புல் வெட்டச் சொல்வாங்க. வெட்டினா முடிஞ்சுது. திரும்ப கிளாஸ்." கீபோர்டில் படிந்திருந்த தூசியை விரலால் துடைத்தாள். "டி.சி.லாம் அதுல கிடையாது மிஸ்... அப்பாகிட்ட நான் இன்னும் சொல்லல."

அறிக்கையில் முட்டையை எழுதினேன். சைக்கிளை எழுதினேன். எவ்வளவு சேட்டை செய்தாலும் அந்தப் பள்ளி பையனைப் புல் வெட்டவைத்து வகுப்புக்கே திருப்பி அனுப்புகிறது என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். என் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை.

"ஏன்ரீ இது?" ஹெட்மிஸ்ட்ரஸ் கண்ணாடியைக் கழற்றினார். "கெட்டதை எழுதச் சொன்னா அந்த ஸ்கூலுக்கு சர்டிஃபிகேட் கொடுத்திருக்கீங்க."

"இருக்கிறதைத்தான் எழுதியிருக்கேன் மேடம்."

நாளைக்கு அவள் அப்பாவை வரச் சொல்லுங்கள் என்று சொல்லி ஃபைலை மூடினார்.

இப்போது அதே பள்ளியில் கேமிங் கிளப் இருக்கிறது. பிள்ளைகளைச் சேர்க்கப் பெற்றோர் வரிசையில் நிற்கிறார்கள். மைசூரு விஜயநகரில் எங்கள் வீட்டு சோபாவில், விருப்ப ஓய்வு பெற்ற என் கணவர் அதே கேமை மொபைலில் விளையாடிக்கொண்டு, "இந்த கெமிஸ்ட்ரி கிளாஸ் பாஸே ஆக மாட்டேங்குதே" என்று என்னிடம் புலம்புகிறார். நான் என்ன செய்யட்டும்...

ஒரு சி.டி.க்கு அன்று அவ்வளவு நடுங்கினோம், உண்மைதான். ஆனால் அதை விசாரிக்க ஒரு டீச்சர் மூன்று நாள் ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இன்று யாருக்கு அந்த நேரம் இருக்கிறது?

அறிக்கை கொடுத்த மறுநாள் நடந்தது இதுதான். சனிக்கிழமை காலை ரஞ்சனி மன்னிப்புக் கடிதம் எழுதினாள், அவள் அப்பா கீழே கையெழுத்துப் போட்டார். ஹெட்மிஸ்ட்ரஸ் டி.சி. புத்தகத்தைத் திறக்கவில்லை. "கிரவுண்டுல பார்த்தீனியம் களை மண்டிக் கிடக்குது. பிடுங்கட்டும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்களும்தான்ரீ. லேப் உங்க பொறுப்பு" என்றார். ஒரு மணி நேரம் இருவரும் பிடுங்கினோம். எனக்குக் கையெல்லாம் தடித்துப்போயிற்று. ரஞ்சனி குழாயடியில் கைகழுவிவிட்டு, மூன்றாவது பீரியட் கணக்கு வகுப்புக்குப் போனாள்.