கின்லாக் முத்தையாவின் மகள்

போன வாரம் அக்காவின் மகள் கொழும்பிலிருந்து கூப்பிட்டாள். ஏதோ படிவத்துக்காகத் தன் அம்மாவின், அதாவது என் அக்காவின், பிறப்புச் சான்றிதழைக் கொடுத்தாளாம். அதிலிருந்த ‘கின்லாக்’ என்ற பெயரைப் பார்த்து அலுவலகத்தில் ஆச்சரியப்பட்டார்களாம். இவளும் உடனே இணையத்தில் தேடியிருக்கிறாள்.

"மாமா, அது ஸ்காட்லாந்துக் குடும்பப் பேராம். மொதல்ல ஆளு பேரே இல்லையாம், ஊரு பேராம். ஏரியோட தலைமாடுன்னு அர்த்தமாம். அங்க இருந்தவங்க ஊரு பேரையே தங்களுக்கு வச்சுக்கிட்டாங்களாம்!"

அவளுக்கு ஒரே குஷி. நான் சரிம்மா என்று போனை வைத்துவிட்டேன்.

நமுனுகுல மலைச்சரிவில் நாங்கள் இருந்த தோட்டப் பிரிவுக்குத்தான் கின்லாக் என்று பெயர். காட்டை அழித்துத் தேயிலை போட்ட வெள்ளைக்காரத் துரையின் பெயர். அழித்தது என்னவோ எங்கள் ஆட்கள்தான், பெயர் மட்டும் அவருக்கு. போகட்டும். அவர் முகத்தை என் தாத்தாகூடப் பார்த்ததில்லை.

எங்கள் பிரிவில் மட்டும் மூன்று முத்தையாக்கள். பக்கத்துத் தோட்டங்களில் எத்தனையோ! அதனால் வெளியே போனால் தோட்டத்தைச் சொல்லிவிட்டுத்தான் பெயரைச் சொல்வார்கள். பூனாகலைத் தோட்டத்திலிருந்து பதுளைக் கடைவீதிக்கு வரும் ராமாயி, தன்னைப் பூனாகலை ராமாயி என்றுதான் சொல்வாள். அக்கா பதுளை ஆஸ்பத்திரியில் பிறந்தபோது தகப்பன் பெயரைக் கேட்டிருக்கிறார்கள். தலைப்பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் அப்பா நிமிர்ந்து நின்று, "கின்லாக் முத்தையாங்க" என்றிருக்கிறார். எழுதியவர் அப்படியே எழுதிவிட்டார். அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. காகிதம் தகரப் பெட்டிக்குள் போய்விட்டது.

இருபத்தொரு வருஷம் கழித்து அக்காவுக்குத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலை கிடைக்கவிருந்தது. அதற்கு அடையாள அட்டை வேண்டும். அம்மா, அப்பா, அக்கா, நான் நாலு பேரும் பதுளைக்குப் போனோம். எனக்குப் பத்தொன்பது வயது. கடையில் வேலை பார்த்துக் கொஞ்சம் சிங்களம் பிடித்திருந்தேன். பெரிய மொழிபெயர்ப்பாளன் என்ற நினைப்பு வேறு.

அதிகாரி காகிதத்தைப் பார்த்தார். எங்களைவிடச் சிவப்பான அக்காவின் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே சிங்களத்தில் ஒன்று கேட்டார். அதைச் சொல்லாமல் விழுங்கியிருக்கலாம். பாவி, நான் அப்படியே தமிழில் சொன்னேன்.

"இது எந்த வெள்ளைக்காரனுக்குப் பொறந்ததுன்னு கேக்குறாரும்மா."

அம்மா என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "அது எங்க தோட்டம்னு சொல்லுப்பா" என்றாள். சொன்னேன். தோட்டத்துக் கடிதம், சத்தியக் கடதாசி என்று அலைந்து கடைசியில் அட்டையும் வந்தது. அக்கா முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாள்.

ஆனால் அன்று திரும்பி வந்த பஸ்ஸில் ஒன்று நடந்தது. ஜன்னலோரம் தூங்கிப்போன அக்காவின் முகத்தையே அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம். அதை அம்மா பார்த்துவிட்டாள்.

"என்னா பாக்குறீங்க? அந்தப் பேரச் சொன்னது நீங்கதானே? சந்தேகமா?"

‘இல்லை’ என்று ஒரு சொல் போதும். அப்பா முகத்தைத் திருப்பி ரோட்டைப் பார்த்தார். அவருக்குச் சந்தேகம் இருந்திருக்காது, வெட்கமாகத்தான் இருந்திருக்கும் என்று இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அதன்பிறகு யார் பேர் கேட்டாலும் அவர் வெறும் முத்தையா என்றே சொன்னார். எந்த முத்தையா என்று கேட்டால் அங்கிருந்து நகர்ந்துவிட்டார். அம்மாவும் அவருக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள், முகம் பார்த்துப் பேசவில்லை.

அப்பா போய்விட்டார், அம்மாவும் போய்விட்டாள். அக்காவும் போய் இரண்டு வருஷமாகிறது. மண் சரிந்ததில் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகள் போயின, தேயிலை காடாகிவிட்டது. அம்மா கண்ணை மூடுவதற்கு முந்தின நாள் என் கையைப் பிடித்து, "ஒங்கப்பா சாகுறப்பயாவது ஒன்கிட்ட எதுவும் சொன்னாரா?" என்று கேட்டாள்.

அப்பா ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அன்றைக்கும் நான் உள்ளதை உள்ளபடியே சொன்னேன்.