உப்பில்லாத புளுட் துண்டுகள்

எனக்குச் சும்மா இருக்க வராது. இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்த பிறகு அது இன்னும் மோசமாகிவிட்டது. சோபாவில் சாய்ந்தால் போதும், நெஞ்சு இப்போது என்ன செய்கிறது என்று கவனம் நேராக அங்கே போய்விடும். எம்ஆர்டி ரயிலில் பக்கத்திலிருப்பவர் முறைக்கும்வரை காலை ஆட்டிக்கொண்டிருப்பேன். சைக்கிளில் ஏறினால்தான் அந்தத் தொல்லை விடும். மெதுவாக ஓட்டலாம் என்றார் டாக்டர். மெதுவாக என்பதை நான் என் வசதிக்கு எடுத்துக்கொண்டேன். ஞாயிறு விடியும் முன் தீவின் மேற்கே ஜூரோங்கிலிருந்து கிளம்பி, லிம் சூ காங், மண்டாய் வழியாகக் கிழக்குக் கோடியிலுள்ள சாங்கிவரை போய்த் திரும்புவேன்.

மனைவி ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை தேக்கா மார்க்கெட்டிலிருந்து புளுட் என்கிற பசையரிசியோடு வந்தாள். சைக்கிள்காரர்கள் வழியில் உறிஞ்சும் ஜெல் பாக்கெட்டுகள் என் வயிற்றைக் கலக்குகின்றன என்று நான் புலம்பியது அவள் காதில் விழுந்திருக்கிறது. புளுட்டை ஊறவைத்து, ஆவியில் வேகவைத்து, வெல்லப்பாகில் கிளறி, வறுத்த எள்ளும் உலர்திராட்சையும் சேர்த்துத் தட்டில் கொட்டினாள். தேங்காய் போட்டால் இந்த வெயிலில் சாங்கி போவதற்குள் ஊசிவிடும் என்று அதை விட்டுவிட்டாள். டம்ளரின் அடியால் அழுத்தி, நன்றாக ஆறியதும் துண்டு போட்டு, கையில் ஒட்டாமலிருக்க வாழையிலைத் துணுக்கில் வைத்து, மேலே அலுமினியத் தாள் சுற்றினாள். சைக்கிள் சட்டையின் முதுகுப் பையில் கச்சிதமாக அடங்கியது. போய்வாருங்கள் என்று அவள் வாயைத் திறந்து சொல்லவே இல்லை. அந்தப் பொட்டலத்தைத்தான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆனால் அதில் உப்பு இல்லை. சாமிக்கு வைப்பதற்கு முன் எதையும் ருசி பார்க்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. நான் சாலையில் போகிறவன் என்பதால் முதல் துண்டு முருகன் படத்துக்குப் போனது. அவளுக்குச் சர்க்கரை வியாதி. படைத்த பிறகும் அதை வாயில் வைக்க மாட்டாள். ஆக, சர்க்கரைப் பொங்கல் கணக்கில் செய்த அந்தப் பண்டம் எப்படி இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

முதல் ஞாயிறே, திரும்பும் வழியில் மண்டாய் மேட்டில் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. இந்த வெயிலில் வியர்த்துக் கொட்டுகிறவனுக்கு வெறும் இனிப்பு போதாது, உப்பும் வேண்டும். நொண்டிக்கொண்டே சைக்கிளைத் தள்ளினேன். வீட்டில் சொன்னால், சைக்கிள் அன்றோடு ஸ்டோர் ரூமுக்குப் போய்விடும் என்று பயந்தேன். மறுநாளே எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்க்கடையில் அசாம்போய் வாங்கினேன், உப்பில் காயவைத்த சின்னப் பிளம் பழம். ஒரு வாய் புளுட், ஒரு பழம். கால் சொன்னபடி கேட்டது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அப்படியே சில வாரங்கள் ஓடின. ஒரு ஞாயிறு மதியம், துணி துவைக்கச் சட்டையை எடுத்தவள் பையிலிருந்த அலுமினியத் தாளைப் பிரித்தாள். உள்ளே பழக்கொட்டைகளும் மீந்த ஒரு துண்டும். கொட்டைகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், துண்டின் ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டு மென்றாள். நான் கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடக்க ஆரம்பித்துவிட்டேன்.

"உப்பில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போட்டுட்டுப் போறேன் லா. இதைப் போய் எதுக்கு மறைக்கணும்?"

கால் இழுத்ததைச் சொன்னால் அவள் பயந்துவிடுவாள், அனுப்ப மாட்டாள் என்று நடந்தபடியே விளக்கினேன். அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, கால் இழுத்ததைச் சொல்லல. நெஞ்சு வலிச்சிருந்தா சொல்லியிருப்பீங்களா?"

போன மாதம் சாங்கியில் ஒரு பஸ் ஸ்டாப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வலி அடங்கும்வரை உட்கார்ந்திருந்தேன். அது யாருக்கும் தெரியாது. நெஞ்சில் அப்படி வலி ஒன்றும் வரவில்லை என்றேன். சொன்ன வேகத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

அழுதாள். ஸ்டென்ட் வைத்த அன்று ஆஸ்பத்திரியில்கூட அவள் அழவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. அந்த பஸ் ஸ்டாப்பில்கூட நான் இவ்வளவு பயப்படவில்லை. அவள் பக்கத்தில் போய் நின்று, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன்.